களத்தின் அகலமும் பதினாறு ஜி.பி.யும்

எங்கள் ஊரில் யாராவது லேப்டாப் வாங்கப் போகிறார்கள் என்றால், தர்மபுரிக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் என் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். "ஏனுங்க மாமா, எத்தினி ஜி.பி. ராம் போட்டு வாங்குறதுங்க?" என்று கேட்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தின் உள்பக்கம் பார்க்காதவன். பஸ் போர்டு படிக்கத் தெரியாது. பஸ்ஸின் நிறத்தையும் டிரைவர் முகத்தையும் பார்த்துத்தான் ஏறுகிறேன். அப்படிப்பட்ட என்னைக் கேட்கிறார்கள். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டும். எழுபத்தி நாலு வயதில் வேறு எதற்கு நிமிரப் போகிறது.

இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் லேப்டாப்பில் தட்டுகிறாள். நான் பேசுகிறபடியே போட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதாம், அதனால் புத்தகத் தமிழில் திருத்திப் போடுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் தட்டுகிற லேப்டாப்பைப் பற்றித்தான் இந்தக் கதையும்.

மருமகள் கடத்தூர் பக்கத்துப் பெண். சிவில் டிப்ளமோ படித்தவள். வீட்டுக்கு பிளான் வரைகிற படிப்பு. கல்யாணமாகி வந்து ஆறு வருடம் அந்தப் படிப்பு எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. என் மகன் லாரி ஓட்டுகிறான். தொப்பூர் கணவாயைத் தாண்டினான் என்றால் பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம். பேத்தியைப் பால்வாடியில் விட ஆரம்பித்த பிறகு, கூடப் படித்த தோழி ஒருத்தி மூலமாக மருமகளுக்கு ஒரு வேலை வந்தது. சேலத்தில் ஒரு இன்ஜினியரம்மா. அவர்களுக்கு வீட்டிலிருந்தே பிளான் வரைந்து அனுப்ப வேண்டும். முதல் ஒரு மாதம் கையைப் பார்ப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கிடையாது. லேப்டாப் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும்.

மருமகள் தையல் தைத்துச் சேர்த்த பணம் இருந்தது. வாங்கக் கிளம்பிய அன்று குழந்தைக்குக் காய்ச்சல். மகன் நாக்பூரில். "நான் போய்ட்டு வர்றேன் கண்ணு, ஒரு சீட்டுல எழுதிக் குடு" என்றேன். எழுதிக் கொடுத்தாள். நல்லம்பள்ளி வழியாகப் போகும் பச்சை பஸ்ஸில் ஏறிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடை. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவர். சீட்டைப் படித்துவிட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார்.

"பெரியவரே, இதுல எட்டு, எரநூத்தி அம்பத்தாறு. அதுல நாலு, ஐநூத்திப் பன்னெண்டு. வெல ரெண்டும் ஒண்ணுதான். சீட்டுல எட்டுன்னு போட்டிருக்குது."

"ஐநூறுன்னா என்னாங்க?"

"அது ஸ்டோரேஜ். வெக்கிற எடம்."

"வெக்கிற எடம் எதுல அதிகமோ அதைக் குடுங்க."

"சீட்டுல எட்டு கேட்டிருக்காங்களே?"

"அது சின்னப் புள்ளைங்க. வெள்ளாமை எடுத்து மூட்டை அடுக்கிப் பாத்ததில்ல. நீங்க ஐநூறையே குடுங்க."

எங்களைப் போன்றவர்களுக்கு விளைந்ததை வைக்க இடம் இல்லாமல் போனதுதான் எப்போதும் குறை. அந்தப் புத்தியில் சொன்னேன். அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "எட்டு எங்கே, ஐநூறு எங்கே" என்று பெருமை வேறு பேசினேன். வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் மருமகள் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். மறுபடியும் ஒரு தடவை படித்தாள். பிறகு, "நல்லாருக்குதுங்க மாமா" என்றாள். என் வீட்டுக்காரி, "முட்டைக் கூடை தூக்கியாந்தாப்புல அலுங்காம தூக்கியாந்திருக்கீங்களே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அது மாசி மாதம். எங்களுக்குப் புளி தட்டுகிற வேலை. மருமகள் ஜன்னல் ஓரம் மேஜை போட்டு வரைவாள். நான் அதே அறையில் கீழே சாக்கு விரித்து, புளியம்பழ ஓட்டை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, இந்த லேப்டாப் வண்டிமாடு மேட்டில் திணறுவது போலத் திணறுகிறது என்று. நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றுகிற வரைக்கும் மருமகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு இன்ஜினியரம்மா வீடியோ காலில் வந்தார்கள். வீடு கட்டுகிறவர்களும் அவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள் போல.

"பாத்ரூம் கதவ கொஞ்சம் எடது பக்கம் தள்ளுங்கம்மா, இவங்க பாக்கட்டும்."

மருமகள் தள்ளினாள். கதவு நகரவில்லை. வட்டம் சுற்றியது.

"தள்ளிட்டீங்களா? ஹலோ? என்னம்மா, உங்க முகம் செலையாட்டம் நிக்குது?"

இவள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவில்லை. லைன் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் செல்போனில் கூப்பிட்டார்கள். மருமகள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"உங்க கை நல்ல கைதான்மா. அளவு ஒண்ணுகூடத் தப்பா வர்றதில்ல. ஆனா வீடு கட்டுறவங்கள எதிர்ல வெச்சுக்கிட்டு இப்படி நின்னா எனக்கு எப்படி இருக்கும்? வர்ற புதன்கிழமை திரும்ப வர்றாங்க. அன்னைக்கும் இதே மாதிரின்னா நான் வேற ஆள்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க மேடம்" என்று வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட்டில் எட்டு என்று எழுதியவள் அவள். மீறியவன் நான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வேலையில் இறங்கினாள். ஒன்றை மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள். அதை மூடிவிட்டு முதலாவதைத் திறந்தாள்.

"என்னா பண்ற கண்ணு?"

"ஒண்ண மூடிட்டு ஒண்ணத் தொறக்குறேனுங்க மாமா. எல்லாத்தையும் ஒண்ணாத் தொறந்தா இது தாங்கறதில்ல."

"ஐநூறு எடம் இருக்குதே?"

"அது மூட்டை கட்டி வெக்கிற எடம் மாமா. எடுத்துப் பிரிச்சுப் போட்டு வேலை செய்யற எடம் வேற. அதுக்குப் பேருதான் ராம். அது இதுல நாலுதான்."

புளியம்பழம் என் கையில் அப்படியே நின்றது. பிரித்துப் போட்டு வேலை செய்கிற இடம். அட, களம்! இது கதிரடிக்கிற களம் அல்லவா! மூட்டை அறையைப் பெரிதாக வாங்கிக்கொண்டு, களத்தைக் கையகலம் வாங்கி வந்திருக்கிறேன். ஊரில் வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். நான் செய்யலாமா?

ஏன் செய்யக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும்.

என் அப்பன் காலத்துக் களம், காலை எட்டி வைத்து அளந்தால் பத்துத் தப்படி நீளம், எட்டுத் தப்படி அகலம். சாணி மெழுகிய மண் களம். ஒரு வண்டிக் கொள்ளுக் கொடியைப் பிரித்துப் போட்டால் முடிந்தது. எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் ராகி, அவரை, கொள்ளு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஒன்றை அடித்துத் தூற்றி, மூட்டை பிடித்து, களத்தைக் கூட்டிவிட்டுத்தான் அடுத்ததை இறக்க முடியும். மற்றதெல்லாம் ஓரத்தில் போராகக் குவிந்து கிடக்கும். கல்யாணமான புதிதில் ஒரு தை மாதம், யாரும் எதிர்பார்க்காத மழை. ராகி களத்தில் கிடந்தது, கொள்ளு தன் முறைக்காகப் போரில் காத்திருந்தது. மூன்று நாள் மழை விடவில்லை. போரைப் பிரித்தால் கொள்ளு கறுத்து முளை விட்டிருந்தது. நிலத்தில் குறை இல்லை, விளைச்சலில் குறை இல்லை, வீட்டில் வைக்கவும் இடம் இருந்தது. பிரித்துப் போட இடம் இல்லாமல் போயிற்று.

அடுத்த வருடம் கொள்ளுக் கொடியைத் தார் ரோட்டில் பரப்பினேன். இப்போதும் எங்கள் பக்கம் செய்கிறார்கள். வண்டிகள் ஏறி ஏறிப் போனால் தானாக மணி உதிரும். எனக்குச் செலவில்லாத வேலை. ஆனால் சைக்கிளில் வந்த பால்காரர் அந்தக் கொடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. அவர் சண்டைக்கு வரவில்லை. "எங்கூட்டு நாலு மாட்டை இனிமே யாருடா கறக்குறது?" என்று மட்டும் கேட்டார். நான்தான் கறந்தேன். அவர் கை கூடுகிற வரைக்கும் விடியக் காலையில் அவர் வீட்டுக்குப் போய் நாலு மாட்டையும் கறந்து, கேனைக் கட்டிக்கொண்டு வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் ஊற்றினேன். அந்த மாடுகளில் ஒன்று, ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்த செவலை, கடைசிவரை என்னை நம்பவே இல்லை. பின்னங்காலைக் கட்டித்தான் கறக்க வேண்டும். அதைச் சொல்ல வந்தால் நேரமாகிவிடும். மருமகள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

அந்த மாடுகளைக் கறந்துகொண்டே முடிவு செய்தேன், சொந்தமாகப் பெரிய களம் போடுவது என்று. மூன்று வருடம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். பிறகு சிமெண்டுக் களம் போட்டேன். நீளம் முப்பது தப்படி, அகலம் முப்பது தப்படி. எங்களுக்கு இருந்தது இரண்டே ஏக்கரா. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. "என்னாப்பா, பிளேனு எறக்கப் போறியா?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே போய், "வெள்ளாமைக்குக் களம் போடுவாங்க. எங்கூட்டுக்காரரு களத்துக்கு வெள்ளாமை தேடுறாரு" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரித்தாளாம். சிரித்தவர்கள் எல்லாரும் அடுத்த தையில் தங்கள் ராகியை என் களத்தில்தான் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு மூலையில் ராகி, ஒரு மூலையில் கொள்ளு, நடுவில் நிலக்கடலை. ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மழைக்கு முளைத்த தானியம் கிடையாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் களத்தில் மேற்கு ஓரம் ஏழெட்டுத் தப்படி வரைக்கும் எந்த வருடமும் தானியம் போனதில்லை. ஆடுகள் படுக்கிற இடமாகிவிட்டது. அந்த அளவுக்கு சிமெண்டு வீண்தான்.

இவ்வளவும் அந்தப் புளியம்பழத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடியது. கேட்டேன்.

"ஏன் கண்ணு, அந்தம்மா வீடியோ கால்ல வரும்போது எதெது ஒண்ணாத் தொறந்திருக்கணும்?"

"வரையற பிளான் ஒண்ணுங்க."

ஒரு புளியங்கொட்டையைத் தரையில் வைத்தேன்.

"அதுக்கு ஒப்பு பாக்க, முன்ன வரைஞ்ச பிளான் ஒண்ணு. எஸ்டிமேட் போடுற கணக்கு ஷீட்டு. அவங்க அனுப்புற போட்டோ எல்லாம் பாக்குற பிரவுசர். அப்புறம் வீடியோ கால்." ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை. "வூடு கட்டி முடிச்சா எப்படி இருக்கும்னு சுத்திக் காட்டுற படம் ஒண்ணு இருக்குதுங்க. அதுதான் ரொம்ப எடம் கேக்கும்."

ஆறு கொட்டை. கடைசிக் கொட்டையைப் பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்தேன். ஆறையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ரெண்டு பேரும் கடைக்குப் போறோம்" என்றேன்.

"வேண்டாங்க மாமா, எப்படியாச்சும் ஓட்டிக்கறேன்" என்றாள்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி சத்தம் போட்டாள். "போய்ட்டு வா கண்ணு. அவரு பண்ணுன தப்ப அவரே சரி பண்ணட்டும். இல்லாட்டி இந்த மனுசன் தூங்க மாட்டாரு, நம்மளையும் தூங்க விட மாட்டாரு."

இரண்டு கிடாய்க்குட்டிகளை வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு போனோம்.

கடைக்காரர் என்னை மறக்கவில்லை. "என்னா பெரியவரே, ஐநூறு ரொம்பிடுச்சா?" என்றார். நான் கொட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தேன்.

"இந்த ஆறும் ஒரே நேரத்துல தொறந்து கெடக்கணும். மொதல்ல இதைச் சொல்லுங்க. நான் வாங்குனதுலயே அந்த நாலை அகலப்படுத்த முடியுமா?"

அவர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இதுல ராம் போர்டோட ஒட்டியே வந்திருக்குதுங்க. கூடச் சேக்க எடம் கெடையாது."

"அப்ப வேற காட்டுங்க. பேச்சை நம்பி வாங்க மாட்டேன், தொறந்து பாத்துத்தான் வாங்குவேன்."

அவர் வெள்ளியில் செய்தது போல ஒன்றை எடுத்தார். மெல்லிசு. வெற்றிலைக் கட்டு மாதிரி கையில் பிடிக்கலாம். "எட்டு ஜி.பி. வூட்டு வேலைக்கு இது போதும்" என்றார். மருமகள் தன் பென் டிரைவைச் சொருகினாள். வரைகிற சாஃப்ட்வேரை ஏற்றுவதற்கே அரை மணி நேரம் ஆனது. நல்ல மனுஷன், அதுவரைக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்று திறந்ததும் நான் ஒரு கொட்டையை முன்னால் தள்ளினேன். களம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற ஒரு பக்கம் அதற்குள்ளேயே இருக்கிறதாம். கடைக்காரர் அதைத் திறந்து படித்துச் சொன்னார். ஐந்தாவது கொட்டை தள்ளியபோது நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

"ஓடுது பாருங்க, நிக்கலையே?" என்றார் அவர்.

"ஆறாவது இருக்குதே" என்றேன்.

மருமகள் அந்தச் சுற்றிக் காட்டுகிற படத்தைத் திறந்தாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் பெரிய கொட்டையின் மேல் விரலை வைத்தபடி இருந்தேன், தள்ளவில்லை. மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் சீட்டில் எழுதிக் கொடுத்த எட்டும் போதாது என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"இதை அகலப்படுத்தலாமா?"

"இதுவும் ஒட்டி வந்ததுதானுங்க."

"பளபளப்பு எனக்கு வேண்டாம். பக்கத்துல காலி எடம் விட்ட களமா ஒண்ணு காட்டுங்க."

கீழ் அலமாரியிலிருந்து கறுப்பாகத் தடியாக ஒன்றை எடுத்தார். போன வருடத்து மாடலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். அடியில் திருகைக் கழற்றிக் காட்டினார். உள்ளே எட்டு ஜி.பி. பட்டை ஒன்று, அதற்குப் பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் இன்னொரு எட்டைச் சொருகச் சொன்னேன். பதினாறு. மறுபடியும் சாஃப்ட்வேர், மறுபடியும் டீ. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு கொட்டையும் தள்ளினேன். வட்டம் வரவில்லை. நூற்றுக்கு அறுபது சில்லறை என்றார்.

வியாபாரி வியாபாரிதானே. "பெரியவரே, ரெண்டு பட்டையையும் மாத்திட்டு முப்பத்திரண்டாவே போட்டுரலாமா? பின்னாடி ஒதவும்" என்றார்.

"வேண்டாங்க. எங்கூட்டுக் களத்துல ஒரு ஓரம் ஆடுதான் படுத்துக் கெடக்குது. அந்த அனுபவம் எனக்கு இருக்குது."

அவர் ஒன்றும் புரியாமல் மருமகளைப் பார்த்தார். அவள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த லேப்டாப் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன். பழையதைக் கடைக்காரர் விலையில் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொண்டார். அந்தக் குறை என் தப்புக்குக் கட்டிய தண்டம்.

புதன்கிழமை வந்தது. பதினொரு மணிக்குக் கால். நான் காமிராவில் படாத இடமாகப் பார்த்து, புளிச் சாக்கோடு சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். ஆறு கொட்டையும் என் கையில். மருமகள் பிளானைத் திறந்தாள், ஒரு கொட்டையைக் கீழே வைத்தேன். பழைய பிளான், கணக்கு ஷீட், போட்டோ. கால் வந்தது. ஐந்து. வீடு கட்டுகிறவர் குரல் கேட்டது, வயசானவர் போல. "ஏம்மா, சமையக்கட்டுல இருந்து பாத்தா வாசல் தெரியுமா?" என்று கேட்டார்.

"காட்டுறேனுங்க" என்றாள் மருமகள்.

ஆறாவது கொட்டையை இறுக்கிப் பிடித்தேன். லேப்டாப்பின் ஃபேன் புஸ்ஸென்று இரைந்தது. படம் வந்தது. சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல் என்று அவள் ஒரு வீட்டுக்குள் நடந்து காட்டினாள். இன்னும் கட்டாத வீடு. அதில் கதவைத் தள்ளச் சொன்னார்கள், தள்ளினாள். ஜன்னலை அகலப்படுத்தச் சொன்னார்கள், அகலப்படுத்தினாள். அந்தப் பெரியவர், "தெரியுது, தெரியுது, வாசல்ல யாரு வந்தாலும் தெரியும்" என்றார். நான் கொட்டையைக் கீழே வைத்தேன்.

கடைசியில் இன்ஜினியரம்மா, "இன்னைக்கு என்னம்மா, இவ்வளவு சுறுசுறுப்பா இருக்குது?" என்று கேட்டார்கள்.

"லேப்டாப் மாத்திட்டேனுங்க மேடம். எங்க மாமா பாத்து வாங்கிக் குடுத்தாரு."

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவரா?"

மருமகள் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. "களம் தெரிஞ்சவருங்க மேடம்" என்றாள். அந்தம்மாவுக்குப் புரிந்ததோ என்னவோ. அடுத்த மாதம் முதல் நிரந்தரம் என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். வீட்டுக்காரி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "அப்பாடா, இனிமே புளியங்கொட்டைய அடுப்புல போடலாமா?" என்றாள். போட விடவில்லை. ஆறும் இன்னும் இருக்கின்றன.

அன்று முதல்தான் ஊரில் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் பதினாறு என்று நான் சொல்வதில்லை. கோயில் தெரு அம்மா, சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், யார் வந்தாலும் முதலில் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கையில் கொடுக்கிறேன். எது எது ஒன்றாகத் திறந்திருக்க வேண்டுமோ அதற்கெல்லாம் ஒன்று வை என்கிறேன். போன வாரம் வந்த அம்மா தன் மகள் பாடம் பார்க்கவும் எழுதவும் கேட்கிறாள் என்று இரண்டே கொட்டை வைத்தாள். "எட்டு போதும், பக்கத்துல காலி எடம் இருக்குதான்னு மட்டும் பாத்து வாங்கு தாயி" என்று அனுப்பினேன்.

சேலத்தில் அந்த வீடு இப்போது கட்டி முடித்துவிட்டார்கள். அதன் பிளான் தாள் ஒன்றை மருமகள் எனக்குக் கொடுத்தாள். வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதில் வரைந்தவர் பெயர் போட்டிருக்கிறதாம், அவள் பெயர். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த இடம் என்று தெரியும். டீக்கடையில் தாளைப் பிரித்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விரலை நேராக அந்த இடத்தில் வைத்துக் காட்டுகிறேன். விரல் பட்டுப் பட்டு அந்த மூலை மட்டும் கொஞ்சம் அழுக்காகிவிட்டது. இன்னொரு தாள் எடுத்துத் தருகிறேன் என்கிறாள் மருமகள்.